மோதிரவிரலும் ஓட்டமும் – ஒரு கடிதம்

அன்புள்ள அம்மா,

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஏழாம் வகுப்பு. வட்டாரப் போட்டியில் 200 மீட்டரில் முதலாவதாக வந்தாள். போன வாரம் அவளுடைய பி.டி. சார் கையைப் பார்த்துவிட்டு, "மோதிரவிரல் ஆள்காட்டி விரலைவிட நீளமா இருக்கு, டெஸ்டோஸ்டிரோன் அதிகம், இவ பெரிய ஆளா வருவா" என்றாராம். வீட்டில் ஸ்கேல் வைத்து அளந்தேன். வலது கையில் ஆள்காட்டி விரல் 59 மி.மீ., மோதிரவிரல் 62. வகுத்தால் 0.95. யூடியூபில் இது ஆண்களின் அளவு என்கிறார்கள். முதலில் பெருமையாக இருந்தது. அப்புறம் என் அம்மா, "பொம்பளப் புள்ளைக்கு ஆம்பள ஹார்மோனா?" என்று கேட்டார். அதிலிருந்து தூக்கமில்லை. ஓட்டக்காரி சாந்திக்கு நடந்ததெல்லாம் நினைவுக்கு வருகிறது. விரலை வைத்துச் சொல்வது உண்மையா? இப்போதே ஒரு டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனை எடுத்துவிடலாமா? இவளுக்கு ஏற்ற விளையாட்டு எது?

செ., பெரம்பலூர்

அன்புள்ள செ.,

கடைசிக் கேள்வியை அவளிடமே கேளுங்கள். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

பரிசோதனை வேண்டாம். பருவமடைவதற்கு முன் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் அந்த ஹார்மோன் குறைவாகத்தான் இருக்கும். பெரிய வித்தியாசம் அதற்குப் பிறகுதான் வருகிறது. பன்னிரண்டு வயதில் எடுத்த ரத்தம் அவள் எப்படி ஓடப்போகிறாள் என்று உங்களுக்குச் சொல்லாது. உடம்பில் ஒரு தொந்தரவு இருந்து, டாக்டர் கேட்டால் எடுக்கலாம். நன்றாக ஓடுகிறாள் என்பது ஒரு தொந்தரவா, தம்பி? அந்த ஊசி எதற்கு என்று அவள் கேட்டால் என்ன சொல்வீர்கள்? "நீ பெண்தானா என்று பார்க்க" என்பீர்களா? வேறு எப்படிச் சொன்னாலும் அவளுக்கு அப்படித்தான் கேட்கும்.

விரல் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பி.டி. சார் இல்லாததைச் சொல்லவில்லை. 1998-இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் ஜான் மேனிங்கும் அவரோடு இருந்தவர்களும் இதைப் பற்றி எழுதிய பிறகு ஆராய்ச்சிகள் குவிந்துவிட்டன. ஆண்களுக்குச் சராசரியாக ஆள்காட்டி விரல் மோதிரவிரலைவிடக் கொஞ்சம் குட்டை, பெண்களுக்கு ஏறக்குறைய சமம். கரு வயிற்றில் இருக்கும்போது அதன்மேல் பட்ட ஹார்மோன்தான் காரணம் என்பது அவர்களின் ஊகம். 2011-இல் சுண்டெலிக் கருக்களில் ஹார்மோனைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தபோது விரல் எலும்பும் மாறியது. விளையாட்டு வீரர்களிடமும் மோதிரவிரல் நீளமாக இருக்கும் பக்கம் ஒரு சாய்வு தெரிகிறது. அது மெல்லிய சாய்வு. குறுகிய ஓட்டத்தைவிட நெடுந்தூர ஓட்டத்தில்தான் அதிகம். உங்கள் பிள்ளை ஓடுவது 200 மீட்டர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விரல் சொல்வதாக நினைப்பது தாயின் வயிற்றில் இருந்தபோது நடந்ததை. பெரியவர்களின் ரத்தத்தில் இன்று ஓடுகிற டெஸ்டோஸ்டிரோனுக்கும் விரல் அளவுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சொல்லும்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. "டெஸ்டோஸ்டிரோன் அதிகம்" என்று விரலைப் பார்த்து ஒருவர் சொன்னால், அது அவர் வாயில் வந்த வார்த்தை, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் ஸ்கேலை எடுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நானும் என் கையை மேசைமேல் விரித்து அளந்தேன். விரலின் அடியில் உள்ளங்கையைத் தொடும் இடத்தில் ரேகை ஒன்றல்ல, சிலருக்கு இரண்டு இருக்கும். எதிலிருந்து தொடங்குவது? நுனியில் நகத்தைச் சேர்ப்பதா, சதையோடு நிறுத்துவதா? விரலைக் கொஞ்சம் அழுத்தினால் சதை பிதுங்கி நீள்கிறது. மூன்று முறை அளந்தேன், மூன்று விடை வந்தது. உங்கள் மகளின் ஆள்காட்டி விரலை நீங்கள் ஒரு மில்லிமீட்டர் தவறாக அளந்திருந்தால், அது 59 இல்லாமல் 60 ஆக இருந்தால், கணக்கு 0.95-இலிருந்து 0.97-க்குப் போய்விடும். யூடியூப்காரர் அதைப் பெண்களின் அளவு என்பார். ஒரு மில்லிமீட்டர் என்பது உங்கள் ஸ்கேலில் அந்தச் சின்னக் கோடு, பென்சில் முனையின் அகலம். அதில்தான் நீங்கள் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறீர்கள். கையைக் கண்ணாடியில் அழுத்தி ஜெராக்ஸ் எடுத்து அளந்தால் விகிதம் இன்னும் குறையும், இதை மேனிங் குழுவே சொல்லியிருக்கிறது. வலது கைக்கும் இடது கைக்கும் மாறும். ஆண்-பெண் சராசரிக்கு நடுவே இருக்கும் வித்தியாசத்தைவிட ஒரு நாட்டு மக்களுக்கும் இன்னொரு நாட்டு மக்களுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் பெரிது. மோதிரவிரல் நீளமான பெண்கள் உங்கள் தெருவிலேயே நிறையப் பேர் இருப்பார்கள். உங்கள் அம்மாவின் கையைப் பாருங்கள் முதலில்.

இதைவிட முக்கியமான ஒரு சான்று இருக்கிறது. சில பெண்கள், வழக்கமாக ஆண்களுக்கு இருக்கும் ஒய் குரோமோசோமோடு பிறக்கிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும், ஆனால் அவர்களின் உடம்புக்கு அதை ஏற்கும் வழியே இல்லை. பெண்ணாகவே வளர்வார்கள். அவர்களின் விரல்களை அளந்தார்கள். சராசரி பெண்களைப் போலவே இருந்தது, எதிர்பார்த்ததுதான். ஆனால் ஆளுக்கு ஆள் உள்ள ஏற்ற இறக்கம் மற்ற பெண்களிடம் எவ்வளவோ அவ்வளவு இவர்களிடமும் இருந்தது. ஹார்மோன் வேலையே செய்யாத உடம்பிலும் ஒருத்திக்கு மோதிரவிரல் நீளம், ஒருத்திக்குக் குட்டை! அப்படியானால் ஒரு தனிப் பெண்ணின் விரலை வைத்து அவள் ஹார்மோனைப் படிக்க முடியாது. கூட்டத்துக்குச் சொல்லும் கணக்கு ஒரு பிள்ளைக்குச் செல்லாது.

அந்த வகை உடம்போடு பிறந்தவர்தான் ஸ்பெயினின் தடை ஓட்டக்காரி மரியா ஹோசே மார்ட்டினெஸ் பாட்டினியோ. 1985-இல் ஜப்பானின் கோபே நகரில் குரோமோசோம் சோதனையில் சிக்கினார். பட்டங்களையும் உதவித்தொகையையும் பறித்தார்கள். டெஸ்டோஸ்டிரோனால் அவருக்கு ஒரு பலனும் கிடைத்திருக்க முடியாது. அதை நிரூபித்துத் திரும்பி வர மூன்று வருடம் ஆனது. ஓடுகிறவளுக்கு மூன்று வருடம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

போட்டிக்கு வருகிறவள் பெண்தானா என்று பார்க்க, 1960-களில் பெண்களை நிற்க வைத்துக் கண்ணால் பார்த்தார்கள். அப்புறம் குரோமோசோம். 2011-இல் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் லிட்டருக்கு 10 நானோமோலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலகத் தடகள அமைப்பு சொன்னது. ஒடிசாவின் ஓட்டக்காரி டூட்டி சந்த் வழக்குப் போட்டு 2015-இல் அதை நிறுத்தி வைக்க வைத்தார். 2018-இல் சில ஓட்டங்களுக்கு 5 ஆக்கினார்கள், அதில் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யாவின் 800 மீட்டர் போனது. 2023-இல் 2.5. 2025 செப்டம்பரிலிருந்து, வழக்கமாக ஒய் குரோமோசோமில் இருக்கும் எஸ்.ஆர்.ஒய். மரபணு இருக்கிறதா என்ற சோதனை. பெண்கள் பிரிவு வேண்டும், அதற்கு ஓர் எல்லையும் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லைக்கோடு அறுபது வருடமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது, ஒவ்வொரு முறையும் கோட்டின்மேல் ஒரு பெண் நிற்கிறாள். இத்தனை சண்டையிலும் யாரும் விரலை அளந்ததில்லை. உங்கள் வீட்டில் அளந்திருக்கிறீர்கள்.

சாந்தியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். புதுக்கோட்டைப் பக்கம் கதக்குறிச்சி, செங்கல் சூளைக் குடும்பம். 2006 டிசம்பர், தோஹா ஆசியப் போட்டி, 800 மீட்டர், 2 நிமிடம் 3.16 விநாடி, வெள்ளி. சில நாளில் பாலினச் சோதனையைக் காட்டி அதைப் பறித்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று என் அக்கா பேப்பரை நான்காக மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். யாரும் படிக்கக் கூடாது என்று. எனக்கு மட்டும்தான் காரணம் தெரியும்.

அக்காவும் 800 மீட்டர்தான். 1983-இல் அவளுக்குப் பதினாலு வயது. கால்சட்டை போட்டு ஓட அப்பா சம்மதிக்கவில்லை. அண்ணனின் காக்கி டிராயரைப் பாவாடைக்குள் போட்டுக்கொண்டு போவாள். சுண்ணாம்புக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் பாவாடையை அவிழ்த்து என் கையில் கொடுப்பாள். அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். இரண்டாவது சுற்றில் அவள் வருவது காலடிச் சத்தத்திலேயே தெரியும், வெறுங்காலில் மண்ணைத் தட்டித் தட்டி வரும். ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டே கையை நீட்டுவாள், நான் பாவாடையைக் கொடுப்பேன். மாவட்டப் போட்டியில் அன்று முதலாவது அவள்தான்.

அங்கே பொறுப்பில் இருந்த ஒருவர் எங்கள் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டார். எனக்குக் கேட்கும் தூரம்தான். "பொண்ணுதானே? நெஞ்சே இல்லையே. ஒரு டாக்டர் சர்டிஃபிகேட் வாங்கிட்டு வாங்க." அக்கா அப்போது வயதுக்கு வரவில்லை. ஒல்லியாக, நிறைய ஓடுகிற பெண்களுக்குத் தள்ளிப்போவது சாதாரணம், இன்றைக்கு எந்த டாக்டரும் சொல்வார். அன்றைக்குச் சொல்ல ஆளில்லை. அப்பா கெட்டவர் இல்லை, உங்களைப் போல மகள்மேல் உயிராக இருந்தவர். பயந்துபோனார். போதும் என்று சொல்லிவிட்டார்.

ஆறு மாதம் கழித்து அவள் வயதுக்கு வந்தாள். மஞ்சள் நீராட்டு, உறவுக்காரர்கள், புட்டு, நல்லெண்ணெய் எல்லாம். இரவு எல்லோரும் போன பிறகு, அந்தப் பட்டுப்பாவாடையோடு வாசலில் வந்து நின்று கேட்டாள்: "இப்ப ஓடலாமாப்பா?"

அப்பா பதில் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.

அதனால்தான் உங்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது, செ. நல்ல அப்பா என்பதால்தான் வந்தது. ஸ்கேலைத் தூக்கி உள்ளே வையுங்கள். அவளிடம் ஏதாவது சொல்லியிருந்தால், பாட்டி சொன்னது அவள் காதில் விழுந்திருந்தால், இன்றைக்கே உட்கார வைத்துப் பேசுங்கள், அது தப்பு என்று பாட்டி முன்னாலேயே சொல்லுங்கள். அப்புறம் அவள் கால் அளவுக்குச் சரியான ஷூ வாங்கிக் கொடுங்கள். பன்னிரண்டு வயதில் கால் வளர்ந்துகொண்டே இருக்கும், பழைய ஷூவில் பெருவிரல் நகம் கறுத்துவிடும். விரல் அளந்தே ஆக வேண்டும் என்றால் அதை அளந்து வாங்குங்கள்.

நேற்று அக்கா வந்திருந்தாள். ஐம்பத்தாறு வயது, முழங்கால் வலி. உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். 59, 62, 0.95 எல்லாவற்றையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும், "சரி, அந்தப் புள்ள 200 மீட்டரை எத்தனை செகண்டுல ஓடுது?" என்றாள். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீங்கள் எழுதவில்லை.

எழுதுங்கள். காத்திருக்கிறாள்.