வலது கண்ணுக்கு நீலம், இடது கண்ணுக்கு மஞ்சள்: எது உண்மை?

கேள்வி: என் வயது 63. மூன்று வாரங்களுக்கு முன் வலது கண்ணில் கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். எழுத்துகள் பளிச்சென்று தெரிகின்றன. ஆனால் கண்களை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தால், ஒரே வெள்ளைச் சுவர் வலது கண்ணுக்கு நீலம் கலந்த வெள்ளையாகவும் இடது கண்ணுக்கு மங்கிய மஞ்சளாகவும் தெரிகிறது. உள்ளே வைத்த லென்ஸில் ஏதேனும் கோளாறா? இரண்டில் எந்தக் கண் காட்டுவது உண்மை? பொழுது சாய்ந்ததும் சிவப்புப் பூக்கள் கறுத்துப்போவதையும் இப்போதுதான் கவனிக்கிறேன். அதற்கும் இதுதான் காரணமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் புதிய லென்ஸில் கோளாறு எதுவும் தெரியவில்லை. சொல்லப்போனால் நிறத்தை மாற்றிக்கொண்டிருப்பது இடது கண்ணில் இன்னும் இருக்கும் பழைய லென்ஸ்தான்.

இளமையில் தெளிவாக இருக்கும் கண் லென்ஸ், வயது ஏற ஏற மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிறது. நாம் காணும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 380 முதல் 750 நானோமீட்டர் வரை. குறுகிய முனையில் ஊதாவும் நீலமும், நீண்ட முனையில் சிவப்பும் இருக்கின்றன. பழுத்த லென்ஸ் குறுகிய முனையைத்தான் அதிகம் விழுங்குகிறது. இது ஆண்டுக்கணக்கில் மெல்ல நடப்பதால் யாருக்கும் உறைப்பதில்லை. உங்கள் வலது கண்ணில் அந்தத் தடை ஒரே நாளில் நீங்கிவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க இடது கண்ணும் பக்கத்திலேயே இருக்கிறது.

ஓவியர் க்ளாத் மோனே 1923இல் வலது கண்ணில் மட்டும் அறுவை செய்துகொண்டு, இதே தொல்லையால் அலுத்துப்போனவர். செயற்கை லென்ஸ் முதன்முதலில் பொருத்தப்பட்டது 1949இல்தான் என்பதால், அவருடைய கண்ணுக்குள் லென்ஸே கிடையாது. புற ஊதாவின் ஓரமும்கூட உள்ளே நுழைந்திருக்கும். இன்றைய செயற்கை லென்ஸ்கள் புற ஊதாவைத் தடுத்துவிடுகின்றன, அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

எந்தக் கண் உண்மை சொல்கிறது என்று கேட்டீர்களே, அதுதான் நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல உங்களைக் கொஞ்சம் விழித்திரைக்குள் அழைத்துப் போகவேண்டும்.

விழித்திரையில் ஒளியை உணர்ந்து பார்வை தரும் செல்கள் இரண்டு வகை. மங்கிய ஒளிக்கான குச்சிச் செல்கள் ஒரு கண்ணில் சுமார் 10 கோடி இருக்கின்றன. பகல் பார்வைக்கும் நிறத்துக்கும் உரிய கூம்புச் செல்கள் 50, 60 லட்சம்தான். இரண்டிலுமே ஆப்சின் என்ற புரதம் அடுக்கடுக்கான சவ்வுகளில் நிறைந்திருக்கிறது. அந்தப் புரதத்தின் நடுவே, வைட்டமின் ஏயிலிருந்து உருவான ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறு வளைந்து உட்கார்ந்திருக்கிறது. ஓர் ஒளித்துகள் சிக்கியதும் அந்த வளைவு நிமிர்கிறது. பார்வையில் ஒளி நேரடியாகச் செய்யும் வேலை இந்த ஒன்றுதான், மீதி எல்லாம் வேதியியல். ரெட்டினால் நிமிர்ந்தால் புரதம் உருமாறுகிறது. தொடர்ந்து சில வேதிவினைகள் நடந்து, செல்லின் சவ்வில் சோடியம் நுழையும் வழிகள் அடைபடுகின்றன. உடனே செல் தன் பேச்சைக் குறைத்துக்கொள்கிறது. ஆம், குறைத்துக்கொள்கிறது. இருட்டில் அடுத்த செல்லுக்கு ஓயாமல் வேதிச் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பதும், வெளிச்சம் பட்டால் அடங்குவதும்தான் இந்தச் செல்களின் இயல்பு. மருத்துவ மாணவர்கள் தேர்வில் தலைகீழாக எழுதிவிட்டு வரும் இடங்களில் இதுவும் ஒன்று. குச்சிச் செல் ஒன்றை உசுப்ப ஒரே ஓர் ஒளித்துகள் போதும்.

சிக்கிய துகள் நீல ஒளியா சிவப்பு ஒளியா என்பது அந்தச் செல்லுக்குத் தெரியாது. வாசலில் நின்று ஆட்களை எண்ணும் காவலாளியிடம் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டால் சொல்வான். யார் என்ன நிறச் சட்டை என்றால் விழிப்பான். கூம்புச் செல்லும் அப்படித்தான். சில அலைநீளங்களில் துகள்கள் அதனிடம் எளிதில் சிக்கும், சிலவற்றில் அரிதாகச் சிக்கும். ஆகவே மங்கலான பச்சையும் பிரகாசமான சிவப்பும் அதன் கணக்கில் ஒரே எண்ணிக்கையாக வந்துவிடலாம். ஒற்றைக் கூம்பைக் கொண்டு எந்த நிறத்தையும் அறிய முடியாது.

மூன்று வகைக் கூம்புகளின் எண்ணிக்கையை ஒப்பிடும்போதுதான் நிறம் பிறக்கிறது. ஒரு வகை 420 நானோமீட்டரை ஒட்டியும், அடுத்தது 530ஐ ஒட்டியும், மூன்றாவது 560ஐ ஒட்டியும் உச்சமாக ஒளியைப் பிடிக்கின்றன. இவற்றை நீலக் கூம்பு, பச்சைக் கூம்பு, சிவப்புக் கூம்பு என்று எழுதும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. சிவப்புக் கூம்பு எனப்படுவதன் உச்சம் விழுவதே மஞ்சள் கலந்த பச்சையில்தான். மூன்றாவது வகையின் எண்ணிக்கை இரண்டாவதைத் தாண்டி வெகுவாக ஏறும்போது மூளை அதைச் சிவப்பு என்று கொள்கிறது. நம்பிக்கை வராவிட்டால், கைப்பேசித் திரையில் மஞ்சள் படம் ஒன்றைத் திறந்து வலுவான பூதக்கண்ணாடியால் பாருங்கள். மஞ்சள் புள்ளி ஒன்றுகூட அகப்படாது. சிவப்பும் பச்சையுமாகப் பொட்டுகள்தான் எரிந்துகொண்டிருக்கும். அந்த இரண்டு ஒளியும் சேர்ந்து கூம்புகளில் எழுப்பும் கணக்கு, அசல் மஞ்சள் ஒளி எழுப்பும் கணக்கோடு ஒத்துப்போகிறது. அதனால் நமக்கு வேறுபாடு தெரிவதில்லை. மூன்று வகை உணர்விகள் இருந்தால் போதும் என்று தாமஸ் யங் 1802இலேயே சொல்லிவிட்டார், கூம்புச் செல் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்காமல்.

வெள்ளைக்கும் இதே கதைதான். மூன்று கணக்கும் எந்த விகிதத்தில் இருந்தால் வெள்ளை என்பதை மூளை சூழலுக்குத் தக்கபடி நகர்த்திக்கொள்கிறது. மஞ்சளாக எரியும் பழைய குண்டு பல்பின் கீழும் நண்பகல் வெளிச்சத்திலும் ஒரே தாள் வெள்ளையாகத் தெரிவது அதனால்தான். இத்தனை ஆண்டுகளாக மஞ்சள் லென்ஸ் வழியாக வந்ததையே உங்கள் மூளை வெள்ளை என்று வைத்துக்கொண்டிருந்தது. இப்போது வலது கண்ணில் நீலம் கூடியதும் பழைய அளவுகோலால் அளந்து, இது நீலம் என்கிறது. அளவுகோல் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், மெல்ல நகரும், நீலம் தணியும். வெளியிலிருந்து வரும் ஒளியைக் குறைக்காமல் உள்ளே விடுகிறது என்ற அளவில் நான் வலது கண்ணின் பக்கம். ஆனால் இதுதான் சுவரின் உண்மையான வெள்ளை என்று சான்றிதழ் தர இரண்டு கண்ணுக்கும் தகுதி இல்லை.

வேதியியலாளர் ஜான் டால்டனுக்குச் சிவப்பும் பச்சையும் குழம்பும். அதை 1794இல் விவரித்த அவர், தன் கண்ணுக்குள் இருக்கும் நீர்மம் நீலமாக இருந்து சிவப்பைத் தடுக்கிறது என்று நம்பினார். 1844இல் அவர் இறந்தபின் கண்ணைத் திறந்து பார்த்தார்கள்; நீலம் இல்லை. பாதுகாத்து வைத்த அந்தக் கண்ணின் மரபணுவை 1995இல் ஆராய்ந்தபோது, நடு அலைநீளக் கூம்பு அவருக்கு இல்லை என்று தெரிந்தது. பிறவியிலேயே வரும் இந்த நிறக்குருடு இரண்டு கண்ணையும் சேர்த்தே பாதிக்கும், 63 வயதில் புதிதாகத் தொடங்காது. உங்கள் மாற்றம் வடிகட்டியில் வந்ததே ஒழிய கூம்புகளில் வந்ததல்ல.

அந்தியில் கறுக்கும் சிவப்புப் பூவுக்கும் அறுவைக்கும் தொடர்பில்லை. வெளிச்சம் குறையும்போது கூம்புகள் ஓய்ந்து குச்சிச் செல்கள் பொறுப்பேற்கின்றன. குச்சிச் செல்லில் ஒரே வகைதான் உண்டு, ஒப்பிட இன்னொன்று இல்லை, ஆகவே நிறமும் இல்லை. அதன் உச்சம் 500 நானோமீட்டரை ஒட்டி இருப்பதால் சிவப்பு ஒளி அதற்கு அநேகமாக எட்டுவதில்லை. பச்சை இலை வெளுப்பாகத் தெரிய, பகலில் அதைவிடப் பளிச்சென்றிருந்த பூ கரியாகிறது. செக் அறிஞர் புர்க்கின்யே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் கவனித்து எழுதினார், அவர் பெயரால்தான் இந்த மாற்றம் இன்றும் அறியப்படுகிறது. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். இதெல்லாம் ஆரோக்கியமான கண்ணின் இலக்கணம். பூ கறுப்பதோடு நில்லாமல் மங்கிய ஒளியில் தடுக்கி விழுகிறீர்கள் என்றால் அது வேறு விஷயம். வைட்டமின் ஏ குறைவோ விழித்திரை நோயோ இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

சில நிற மாற்றங்களை மட்டும் அலட்சியப்படுத்தக்கூடாது. சிவப்பு மூடி ஒன்றை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே பாருங்கள். ஒரு கண்ணில் அந்தச் சிவப்பு சாயம் வெளுத்து, பார்வையும் மங்கி, கண்ணை அசைக்கும்போது வலித்தால் பார்வை நரம்பில் அழற்சி இருக்கலாம். காசநோய்க்கான எத்தாம்புட்டால் சிவப்பு, பச்சைப் பார்வையைக் குலைக்கக்கூடும். இதய மருந்தான டிஜாக்சின் அளவு மீறினால் எல்லாம் மஞ்சளாகத் தோன்றலாம். இவற்றில் ஏதேனும் சாப்பிடுகிறவர்கள் நிறம் மாறினால் உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும், தாமாக மாத்திரையை நிறுத்தக்கூடாது. அறுவை செய்த கண்ணில் வலி, சிவப்பு, பார்வை குறைதல், மின்னல் வெட்டுவதுபோன்ற ஒளி, திரை விழுவதுபோன்ற மறைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே பரிசோதனைக்குப் போங்கள்.

இடது கண் அறுவையை நிறத்துக்காக அவசரப்படுத்தவேண்டாம். படிப்பதற்கும் இரவில் நடமாடுவதற்கும் அந்தக் கண் எவ்வளவு இடைஞ்சல் தருகிறது என்பதை வைத்து முடிவு செய்தால் போதும். அப்போது வலது கண்ணில் பொருத்திய லென்ஸின் விவர அட்டையை எடுத்துச் செல்லுங்கள். செயற்கை லென்ஸ்களில் நிறமற்றதும் உண்டு, லேசான மஞ்சள் சாயல் உள்ளதும் உண்டு. இரண்டு கண்ணுக்கும் ஒரே வகையைப் பொருத்த முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.