குட்டியின் தொண்டைக் கட்டியைக் கீற வேண்டாம்

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் 12 வெள்ளாடுகள் வளர்க்கிறோம். கோஸ் அறுவடைக் காலத்தில் கழிவு இலைதான் அவற்றுக்குப் பெரும்பாலும் தீவனம். இந்த ஈற்றில் 3 ஆடுகள் போட்ட குட்டிகள் தொண்டையில் கட்டியோடும் உடம்பில் முடியில்லாமலும் பிறந்தன. 2 குட்டிகள் இறந்துவிட்டன. தாய் ஆடுகளுக்கு ஒரு குறையும் இல்லை. இப்போது வேறொரு ஆட்டின் 2 மாதக் குட்டிக்கும் தொண்டை வீங்கியிருக்கிறது. ஒட்டுநோய் என்று சொல்லி வியாபாரி பாதி விலைக்குக் கேட்கிறார். ஊசி போட வருபவர் கட்டியைக் கீறிவிடலாம் என்கிறார். தினமும் கல்லுப்பு கொடுத்தும் ஏன் இப்படி?

பதில்: ஆடுகளை விற்க வேண்டாம், கட்டியைக் கீறவோ, அதன் மேல் சூடு போடவோ யாரையும் அனுமதிக்க வேண்டாம். முடியில்லாமல் பிறந்த குட்டிகளுக்கு நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் அயோடின் பற்றாக்குறையால் வரும் தைராய்டுக் கழலைக்கே பொருந்துகின்றன. அது ஓர் ஆட்டிலிருந்து இன்னோர் ஆட்டுக்கு ஒட்டுவதில்லை.

தைராய்டு என்பது குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலின் இருபக்கமும் ஒட்டியிருக்கும் இரண்டு சிறு மடல்கள். மாட்டில் இரண்டையும் சதைப்பற்றான ஒரு பட்டை இணைக்கிறது. வெள்ளாட்டில் அது மெல்லிய நாராக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. நல்ல நிலையிலுள்ள குட்டியின் கழுத்தைத் தடவிப் பார்த்தால் இந்த மடல்கள் விரலுக்குத் தட்டுப்படாது. இரத்தத்திலுள்ள அயோடினைப் பிடித்து வைத்து தைராக்சின் என்ற ஹார்மோனைச் செய்வதுதான் இச்சுரப்பியின் வேலை. உடம்பில் சூடு பிறப்பதும், கருவில் முடி முளைப்பதும், நுரையீரலும் மூளையும் முதிர்வதும் இந்த ஹார்மோனை நம்பியிருக்கின்றன. இரத்தத்தில் தைராக்சின் குறைந்தால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டைத் தூண்டிக்கொண்டே இருக்கும். அயோடின் வராத நிலையில் இந்தத் தூண்டுதல் தொடர்வதால், நூல் வராத கூடத்தில் தறியை மட்டும் கூட்டிக்கொண்டே போவது போல, சுரப்பி பெருக்கிறதே தவிர ஹார்மோன் பெருகுவதில்லை. ஆகவே நீங்கள் பார்த்த கட்டியில் சீழ் இல்லை. அது முழுவதும் இரத்தம் நிறைந்த சதை. அதை ஒட்டியே கழுத்தின் பெரிய தமனியும் குரல்வளைக்குப் போகும் நரம்பும் ஓடுகின்றன. பிளேடு பட்டால் குட்டி கண்முன்னே இரத்தம் வடிந்து சாகும்.

தாய்க்குக் குறை தெரியாததற்குக் காரணம், வளர்ந்த ஆட்டின் சுரப்பி பல வாரங்களுக்கான ஹார்மோனைச் சேமித்து வைத்திருப்பதுதான். கருவிலுள்ள குட்டிக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. சினையின் பிற்பாதியில் அதன் தைராய்டு தனியாக வேலை செய்யத் தொடங்கும்போது, அதற்கு வேண்டிய அயோடின் முழுவதும் தாயின் இரத்தத்திலிருந்தே வர வேண்டும்.

தொடர்ந்து மழை அடித்துக் கழுவும் மலைமண்ணில் அயோடின் தங்குவது அரிது. அந்த மண்ணில் விளையும் புல்லிலும் குறைவாகவே இருக்கும். போதாக்குறைக்கு முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், முள்ளங்கி இலை ஆகிய ஒரே குடும்பத்துப் பயிர்களில், தைராய்டு அயோடினைப் பிடிப்பதைத் தடுக்கும் பொருள்களும், பிடித்த அயோடினை ஹார்மோனாக மாற்றவிடாமல் தடுக்கும் பொருள்களும் இருக்கின்றன. முதல் வகையை அயோடினைக் கூட்டிக் கொடுத்துச் சமாளிக்கலாம். இரண்டாம் வகையை அப்படி முழுதாகச் சமாளிக்க முடியாது. எனவே சினை ஆட்டுக்குக் கோஸ் இலையே முழுத் தீவனமாக இருக்கக் கூடாது. புல்லும் மரத்தழையும் பெரும்பங்காக இருக்கட்டும்.

இப்போது உப்பு. கழலை நோய்க்கென்று தேசியத் திட்டம் 1962இலேயே தொடங்கியது. மனிதர் நேரடியாக உண்ணும் உப்பை அயோடின் இல்லாமல் விற்கக் கூடாது என்ற தடை 2006 முதல் நாடு முழுவதும் இருக்கிறது. ஆனால் அந்தத் தடை மனிதர் உண்ணும் உப்போடு நின்றுவிடுகிறது. மாட்டுக்கு, ஆட்டுக்கு என்று மூட்டையில் விற்கும் கல்லுப்பில் அயோடின் இருந்தாக வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஒரே குடும்பம், ஒரே மண், ஒரே தண்ணீர். வீட்டுக்காரர் உப்புக்குச் சட்டம் உண்டு, கொட்டிலிலுள்ள ஆட்டின் உப்புக்குச் சட்டம் இல்லை. இத்தனை ஆண்டுகளாக இந்த ஓட்டையை அடைக்க ஒருவருக்கும் மனம் வராததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அயோடின் கலந்த கல்லுப்பே கிடைத்தாலும், மேல்மலையின் மூடுபனியில் வாய் திறந்து கிடக்கும் சாக்கில் அது கசிந்து, அயோடின் அந்த நீரோடு அடியில் இறங்கிவிடும். அழுக்குப் போகட்டும் என்று உப்பை அலசிக் கொடுத்தால் மிச்சமிருப்பதும் போய்விடும். பாக்கெட் உப்பை வாங்கி, மூடியுள்ள டப்பாவில் வைத்துக் கொடுங்கள்.

அதுவும் போதாது என்பதைக் கணக்கே காட்டும். கடையில் வாங்கும் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். 10 கிராம் உப்பில் அது 0.15 மில்லிகிராம்தான். நாளுக்கு ஒரு கிலோ உலர் தீவனம் தின்னும் ஆட்டுக்கு ஏறத்தாழ அரை மில்லிகிராம் தேவை. கோஸ் இலை தின்றால் அதைவிடக் கூடுதலாகத் தேவை. எனவே சினை ஆட்டுக்குத் தினமும் தாது உப்புக் கலவையும் வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 1664 முத்திரையைப் பாருங்கள். அட்டையில் அயோடின் என்ற வரி இல்லாத கலவையை வாங்காதீர்கள். அளவுக்கு மீறிய அயோடினும் கழலையை உண்டாக்கும் என்பதால், டிங்சர் அயோடினை நீங்களாகவே குடிக்கக் கொடுப்பது கூடாது.

அந்த 2 மாதக் குட்டியின் கதை வேறாக இருக்கலாம். நன்றாகப் பால் குடித்து வளரும் வெள்ளாட்டுக் குட்டிகளுக்குப் பிறந்து சில வாரங்கள் கழித்துத் தொண்டையின் இருபக்கமும் மெத்தென்று வீங்குவது உண்டு. அது தைராய்டு அன்று. தைமஸ் என்ற வேறொரு சுரப்பி. குட்டி வளர வளர, பால் நின்றபின் மெல்ல மெல்லத் தானாகவே வற்றிவிடும். வேறுபாட்டை நீங்களே பார்க்கலாம். கழலை பிறக்கும்போதே இருக்கும், இது பிறகு வரும். கழலையுள்ள குட்டி முடி குறைந்து, சோர்ந்து, காம்பைப் பற்ற வலுவின்றிக் கிடக்கும், இதுவோ முடி மினுங்கத் துள்ளித் திரியும். இதற்கு மருந்தே வேண்டாம். கட்டி கரைய டானிக் என்று ஒரு பாட்டிலைத் தலையில் கட்டிவிட்டு, தானாக வற்றிய வீக்கத்துக்குப் பெயர் வாங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள் என்பதாலேயே இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன். ஆனால் வீக்கம் தாடைக்கு அடியில், நீர் கோத்தது போல், அழுத்தினால் குழி விழுவதாக இருந்து, கண் இமையின் உட்புறமும் வெளுத்திருந்தால் அது பெரும்பாலும் குடற்புழுவின் வேலை. உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒட்டுநோய் என்று சொன்ன வியாபாரியின் கணக்கு எளிது. பயந்த உரிமையாளரிடம் பாதி விலைக்கு வாங்கிய தாய் ஆட்டை, அவர் கீழே இறக்கி முழு விலைக்கு விற்பார். ஒட்டுநோய் என்ற வார்த்தையைக் கேட்டதும் கையெழுத்துப் போட்ட மருத்துவச் சீட்டைக் கேளுங்கள். அதோடு பேச்சு நின்றுவிடும்.

இனி இறந்து பிறக்கும் குட்டியைப் புதைக்காமல் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போங்கள். போக முடியாவிட்டால் 1962 என்ற இலவச எண்ணை அழையுங்கள். தைராக்சின் பரிசோதனைக்கு மாதிரியைக் கீழ்நாட்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டிய நிலையில், இறந்த குட்டியின் தைராய்டை நிறுத்துப் பார்க்கும் தராசே கைகொடுக்கும். செம்மறிக் குட்டிகளில் ஒரு கிலோ உடல் எடைக்கு 0.4 கிராமுக்கு மேல் தைராய்டு இருந்தால் பற்றாக்குறையைச் சந்தேகிப்பது வழக்கம். வெள்ளாட்டுக் குட்டியில் அதை ஒரு தோராயமான அளவுகோலாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா நோய் இல்லை என்பதையும் மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும். அதுவரை நச்சுக்கொடியை வெறுங்கையால் தொடாதீர்கள். பாலைக் காய்ச்சியே குடியுங்கள்.

உயிரோடுள்ள குட்டி பெரும்பாலும் குளிராலும் பட்டினியாலுமே சாகிறது. முடியும் இல்லாமல், உள்ளே சூட்டை உண்டாக்கும் ஹார்மோனும் இல்லாமல் மேல்மலை இரவைத் தாங்க அதற்கு வழியில்லை. சாக்கில் சுற்றி அடுப்படியில் வைத்து, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலைக் கறந்து கிலோவுக்கு 50 மில்லி வீதம் புகட்டுங்கள். அயோடின் மருந்தின் அளவை மருத்துவர் சொல்வார். தாய் ஆடுகளை வைத்துக்கொள்ளுங்கள். கிடா சேர்த்த நாளைக் குறித்து வைத்து, சினை 3 மாதம் முடிவதற்குள் அவற்றை மருத்துவரிடம் காட்டினால், 4ஆம், 5ஆம் மாதங்களின் தொடக்கத்தில் அயோடின் கொடுக்க நேரம் இருக்கும்.