ஒரே கேமுக்கு ஊருக்கொரு விலை ஏன்?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் ஒரு கேம் வாங்கப் பல மாதமாகக் காசு சேர்த்தான். கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் ஆயிரத்துக்குள் இருந்த விலை போன வாரம் ஒரே ராத்திரியில் ஆயிரத்து எழுநூறைத் தாண்டிவிட்டது. கேமில் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. இப்படி ஏற்றலாமா? 'அக்கவுண்டில் நாட்டை மாற்றி வாங்கு, பாதி விலைதான்' என்கிறார்களாம் நண்பர்கள். சரி என்று சொல்லட்டுமா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: நாட்டை மாற்றும் வேலை மட்டும் வேண்டாம். தம்பியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

விலை ஏற்றலாமா என்றால், ஏற்றலாம். அதை முடிவு செய்வது கேமை வெளியிடும் நிறுவனம். ஸ்டீமை நடத்தும் வால்வ், இத்தனை டாலர் கேமுக்கு இந்தியாவில் இவ்வளவு வைக்கலாம் என்று ஒரு பரிந்துரைப் பட்டியல் கொடுக்கும். ஏற்பதும் விடுவதும் அவரவர் இஷ்டம். 2022 அக்டோபரில் வால்வ் அந்தப் பட்டியலைத் திருத்தியது. ஸ்டீமில் ரூபாய் விலை வந்த 2015 நவம்பரில் ஒரு டாலர் சுமார் 66 ரூபாய். பட்டியல் மாறியபோது 82. ரூபாய் சரிந்ததைவிடவும் பட்டியல் கூடுதலாகவே ஏறியது, அது நமக்கு வலிதான். சில நிறுவனங்கள் உடனே ஏற்றின, சில வருஷக்கணக்கில் பழைய விலையிலேயே விட்டுவைத்து ஒருநாள் ஏற்றுகின்றன. சில நேரம் உலகம் முழுவதற்குமே ஏறும். ஃபேக்டோரியோ என்ற கேம் 2023 ஜனவரியில் 30 டாலரிலிருந்து 35 ஆனது. பணவீக்கம்தான் காரணம் என்று அதைச் செய்தவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர்கள் தள்ளுபடியும் தருவதில்லை.

நமக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாள் காலையில் மல்லிகை விலையைக் கேட்டால் தலை சுற்றும். சாயங்காலத்துக்குள் மிஞ்சினால் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள், ஏனென்றால் பூ வாடிவிடும். கேம் வாடுவதில்லை, தீர்ந்துபோவதும் இல்லை. ஆனாலும் அதன் விலை இறங்குகிறது. முதல் நாளே முழு விலை கொடுக்கிறவர்கள் வாங்கி முடித்த பிறகு, அவ்வளவு கொடுக்க முடியாதவர்களிடம் போக விலையைக் குறைத்துத்தான் ஆகவேண்டும். ஊருக்கொரு விலை வைப்பதும் இதே கணக்குதான். அமெரிக்காவில் ஒருவர் யோசிக்காமல் கொடுக்கும் தொகை இங்கே ஒரு வீட்டின் ஒரு மாத மளிகை. அந்த விலையை இங்கே வைத்தால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று அவர்களுக்கும் தெரியும்.

சிம்மக்கல்லில் நான் பிரவுசிங் சென்டர் நடத்திய காலம் நினைவுக்கு வருகிறது. ஸ்டீமில் எல்லாமே டாலர் விலை. வெளிநாட்டுப் பணம் கட்டும் கார்டு பையன்கள் வீட்டில் யாரிடமும் இருக்காது. நாலாம் நம்பர் சிஸ்டத்தில் உட்கார்ந்து துபாயில் இருக்கும் மாமாவிடம் சாட்டில் கெஞ்சிக்கொண்டிருப்பார்கள். ரூபாய் விலை வந்த வாரம் அதே பையன்கள் அப்பாவின் ஏடிஎம் கார்டை எடுத்துக்கொண்டு வந்தார்கள். டாலரைப் பெருக்கினால் வருவதைவிடப் பல கேம்கள் குறைந்த விலையில் இருந்தன. அந்தச் சலுகை நமக்குக் கிடைத்த பெரிய விஷயம்.

அது பறிபோகவும் கூடும். துருக்கியிலும் அர்ஜென்டினாவிலும் ஒரு காலத்தில் விலை மிகக் குறைவு. வெளிநாட்டுக்காரர்கள், எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதை மறைக்கும் வி.பி.என். போட்டு அந்த ஊர்க்காரர்கள் மாதிரி நுழைந்து வாங்கினார்கள். அந்த நாணயங்களும் நிலையில்லாமல் சரிந்துகொண்டே இருந்தன. 2023 நவம்பர் 20 முதல் இரண்டு நாடுகளுக்கும் சொந்த நாணய விலை போய், டாலர் விலை வந்துவிட்டது. நாணயம் நிலையில்லாததுதான் காரணம் என்றது ஸ்டீம். உள்ளே புகுந்தவர்கள் வேறு ஊரைத் தேடிப் போய்விட்டார்கள். இஸ்தான்புல்லில் சம்பளத்தைத் துருக்கி நாணயமான லிராவில் வாங்கும் பிள்ளைதான் மாட்டிக்கொண்டான். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. நம் பிள்ளைகள் இன்னொரு ஊர்ப் பிள்ளையின் விலையில் கைவைக்கக் கூடாது என்று நான் சொல்வது அதனால்தான்.

ஆபத்தும் இருக்கிறது. வி.பி.என். வைத்து நாட்டை மறைப்பது ஸ்டீமின் ஒப்பந்தத்துக்கு எதிரானது. நாட்டை மாற்ற அந்த நாட்டுக் கார்டு வேண்டும், அதுவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் முடியும். அதனால் சிலர் மாற்றிவைத்த அக்கவுண்டையே விலைக்கு வாங்குகிறார்கள். போன வருஷம் என் சர்வீஸ் கடைக்கு ஒரு மாணவர் வந்தார். யாரோ முகம் தெரியாதவரிடம் 1,500 ரூபாய்க்கு ஓர் அக்கவுண்ட் வாங்கியிருந்தார். இருபதாம் நாள் விற்றவரே பழைய மின்னஞ்சலை வைத்து அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அதற்குள் அந்தப் பையன் தன் காசில் இரண்டு கேம் வேறு சேர்த்திருந்தார். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்தபடி 'ஏதாவது செய்ய முடியுமாண்ணே' என்று கேட்டார். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

தம்பி என்ன செய்யலாம்? ஸ்டீம்டிபி என்ற தளத்தில் அந்தக் கேமின் பெயரைத் தட்டினால், ரூபாயில் அதன் விலை எப்போது ஏறியது, எவ்வளவுவரை இறங்கியது என்று கோடு போட்டுக் காட்டும். இன்னொன்று, விலையை ஏற்றிய பிறகு 30 நாளைக்கு அந்தக் கேமுக்குத் தள்ளுபடி போட ஸ்டீம் விடாது. ஆகவே இந்த மாதம் எதிர்பார்க்க வேண்டாம். வாங்க நினைக்கும் கேம்களைக் குறித்துவைக்கும் விஷ்லிஸ்டில் போட்டுவைத்தால் விலை இறங்கும்போது மின்னஞ்சல் வரும். ஜூன் கடைசியில் கோடைக்கால சேல், கிறிஸ்துமஸ் சமயத்தில் குளிர்கால சேல். பழைய கேம் என்றால் அநேகமாக அப்போது இறங்கும்.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணனுக்குப் பிறந்தநாள் பரிசாக இங்கிருந்து ஒரு கேம் வாங்கி அனுப்பப் பார்த்தேன். ஸ்டீம் மறுக்கிறது. ஏன்?
- வாசகி, மேலூர்

பதில்: இந்திய விலைக்கும் சிங்கப்பூர் விலைக்கும் இடைவெளி அதிகம், அதுதான் காரணம். அப்படிப்பட்ட நாடுகளுக்கு இடையே பரிசு அனுப்புவதை 2017 முதல் தடுத்துவைத்திருக்கிறார்கள். மலிவான ஊரில் வாங்கி விலை அதிகமான ஊரில் விற்கும் வியாபாரம் நடந்ததால் வந்த வேலி. உங்களைப் போன்ற தங்கைகளும் அதில் சிக்குகிறார்கள், வருத்தம்தான். 2023 பிப்ரவரியில் நம் யுபிஐயையும் அதே மாதிரி சிங்கப்பூரில் பணம் அனுப்பும் வசதியான பேநவ்வையும் இணைத்துவிட்டார்கள். உங்கள் வங்கிச் செயலியில் அந்த வசதி இருந்தால் அண்ணனுக்குப் பணமாக அனுப்பிவிடுங்கள். அவர் அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும்.

கேள்வி: முழு விலை கொடுத்து வாங்கிய மூன்றாம் நாள் அதே கேமுக்கு 60 சதவீதம் தள்ளுபடி! காசு போனது போனதுதானா?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: போகவில்லை. வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கேட்டு வாங்கிக்கொண்டு தள்ளுபடி விலையில் மறுபடி வாங்குங்கள். இதைத் தவறாகக் கருதமாட்டோம் என்று ஸ்டீம் தன் விதியிலேயே எழுதியிருக்கிறது. எவ்வளவு நேரம் விளையாடினீர்கள் என்பது லைப்ரரியில் கேமின் பக்கத்திலேயே தெரியும். அதைப் பார்க்கும்வரை கேமைத் திறக்காதீர்கள்.