தனியாக நிற்கும் கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

கலையில் வடிவம் முக்கியம் என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். நல்ல சிறுகதையைப் படித்து முடித்ததும் இதில் ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்று எனக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் என் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால் அப்படி எதுவும் தென்படவில்லை. பாதியில் விட்ட படிப்பு, ஒட்டாத வேலைகள், தொடங்கி நின்றுபோன எழுத்து. நாற்பதைத் தாண்டிய பிறகு வாழ்க்கைக்கு வடிவம் கொடுக்க முடியுமா? அல்லது குணம் அதற்குள் இறுகிப்போய்விடுகிறதா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

கலைக்கு விளிம்பு உண்டு. குறள் வெண்பா எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று. அந்தக் கடைசிச் சீரும் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றாக முடிந்தாக வேண்டும். எவ்வளவோ நல்ல சொற்கள் அங்கே இடித்துக்கொண்டு திரும்பிவிடும். அந்த நெருக்கடியில்தான், தான் நினைத்தே பார்க்காத சொல் ஒன்று எழுதுகிறவருக்குக் கிடைக்கிறது.

வாழ்க்கையில் ஈற்றடி எங்கே வரும் என்று நமக்குத் தெரியாது. அதனால் தன் வாழ்க்கையைக் கச்சிதமான கதையாகச் சொல்பவர்களிடம் எனக்கு எப்போதும் கொஞ்சம் சந்தேகம்தான். ஒவ்வொரு தோல்வியும் அடுத்த வெற்றிக்குப் படிக்கட்டாகவே இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். எதையெல்லாம் வெட்டி எறிந்தார்கள் என்பதை அவர்கள் வீட்டாரிடம் கேட்க வேண்டும்.

மைக்கலாஞ்சலோவின் கடைசிச் சிற்பம் மிலான் நகரில் இருக்கிறது, ரொண்டானினி பியெத்தா. இறந்த இயேசுவைத் தாய் பின்னால் நின்று தாங்குகிறாள். 1564இல், 88 வயதில், சாவதற்குச் சில நாட்கள் முன்புவரை அதைச் செதுக்கிக்கொண்டிருந்தார். நடுவில் மனம் மாறி, ஏற்கெனவே உருவாகியிருந்த இயேசுவை வெட்டி நீக்கிவிட்டு, தாயின் உடலாக இருந்த கல்லிலிருந்தே புது உடலை எடுக்கத் தொடங்கினார். பழைய இயேசுவின் வலக்கை மட்டும் தோள் இல்லாமல் பக்கத்தில் நிற்கிறது. அந்தக் கை வழவழவென்று முடிந்த வேலை. புது உடலோ மெலிந்து, உளித்தடம் மறையாமல் இருக்கிறது. வேலை முடியவில்லை, கையையும் அகற்றவில்லை. ஆனாலும் இதற்கு வடிவம் இல்லை என்று யாராலும் சொல்லிவிட முடியாது. விட்டுப்போன படிப்பை நீங்கள் ஒளித்துவைக்கத் தேவையில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, குணம். இறுகிப்போவது வேறு, வடிவம் வேறு. இறுகியவர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடப்பார். மோகன ராகத்தை நினைத்துப் பாருங்கள். ஏழு ஸ்வரங்களில் மத்யமமும் (ம) நிஷாதமும் (நி) அதில் கிடையாது. ஒரு மணிநேரம் விதவிதமாகப் பாடலாம், பாடகருக்குப் பாடகர் மாறும், ஆனால் அந்த இரண்டும் உள்ளே வராது. ஸ்வரங்கள் இறங்கிவரும் அவரோகணத்தில் இரண்டையும் சேர்த்துவிட்டால் அது பிலஹரி, வேறு ராகம். மனிதரிலும் அப்படித்தான் பார்க்கிறேன். “சேச்சே, அவர் அதைச் செய்திருக்க மாட்டார்” என்று நண்பர்கள் யோசிக்காமல் சொல்கிறார்களே, அந்த இடத்தில் ஒருவருடைய வடிவம் தெரிகிறது. அதற்கு வயது வரம்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நாற்பதுக்குமேல் பொய் சொல்வதை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள், தொடங்கியவர்களும் இருக்கிறார்கள்.

அப்புறம், நின்றுபோன எழுத்து என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். அது கதையா, கவிதையா, எந்த இடத்தில் நின்றது? அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுங்கள்.