மோனேவின் குளமும் கண்புரையும்

அன்புள்ள ஐயா,

லண்டன் நேஷனல் கேலரியில் பிரெஞ்சு ஓவியர் மோனேவின் அல்லிக்குளம் ஓவியத்தைப் பார்த்தேன். வளைந்த மரப்பாலம், கீழே பூக்கள். எதுவுமே தெளிவாக இல்லை. அவருக்குக் கண்புரை இருந்ததாகப் படித்திருக்கிறேன். கண் மங்கியதைத்தான் பாணி என்று கொண்டாடுகிறோமோ?

கதிர்

அன்புள்ள கதிர்,

கணக்கு உதைக்கிறது. நீங்கள் பார்த்த படம் 1899இல் வரையப்பட்டது. மோனேவுக்குக் கண்புரை என்று மருத்துவர்கள் சொன்னது 1912இல்.

அடுத்த முறை தீற்றல்களின் திசையைக் கவனியுங்கள். அல்லி இலைகள் படுக்கைவாட்டில் போகின்றன. அவற்றின் இடைவெளிகளில் மரங்களின் பிரதிபலிப்பு செங்குத்தாக இறங்குகிறது. தண்ணீர் என்று தனியாக எதையும் அவர் வரையவில்லை. இலை மிதப்பதும் மரம் தலைகீழாக நிற்பதும் சேர்ந்துதான் அங்கே தண்ணீர் உண்டாகிறது. இலைக்கு இலை விளிம்பு கட்டியிருந்தால் இது நடந்திருக்காது. படத்தில் வானமும் கிடையாது. பாலத்துக்குப் பின்னால் தழைகள் மேல்விளிம்பு வரை அடைத்து நிற்கின்றன. கண் தெரியாமல் தடவித் தடவிச் செய்கிற வேலையா இது?

அந்தக் குளமே அவர் வெட்டியதுதான். 1893இல் பிரான்ஸின் ஜிவெர்னி கிராமத்தில், ரயில் பாதைக்கு அப்பால் நிலம் வாங்கி, எப்த் ஆற்றின் கிளையோடையிலிருந்து தண்ணீரைத் திருப்ப அனுமதி கேட்டார். அயல்நாட்டுச் செடிகள் தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று ஊரார் எதிர்த்தார்கள். (துணி துவைக்கவும் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டவும் அந்த ஓடையை நம்பியிருந்தவர்கள் பயந்ததில் எனக்குத் தவறு தெரியவில்லை.) பின்னாளில் படகில் போய் அல்லிகளைச் சுத்தம் செய்யவே ஒரு தோட்டக்காரரை வைத்திருந்தார். இலைமேல் படிந்த தூசி கண்ணை உறுத்திய மனிதர் அவர்.

கண்புரை அவர் ஓவியங்களைத் தொடவே இல்லை என்று சொல்ல வரவில்லை. அதே பாலத்தை 1918க்குப் பிறகு வரைந்த படங்களில், பாலம் செம்பழுப்புப் புதருக்குள் புதைந்து கிடக்கிறது. புரை முற்றிய கண்ணுக்குள் நீலம் நுழைவது குறையும். மஞ்சளும் சிவப்பும் ஓங்கும். அந்த நாட்களில் சாயக்குழாய்களின் பெயர்ச்சீட்டைப் பார்த்துத்தான் நிறம் எடுத்தார். 1923இல் வலக்கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது.

அவற்றை நோயின் படங்கள் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அவற்றின் முன் நின்று நீங்கள் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், இவ்வளவு தைரியமாகப் பதில் எழுதியிருக்க மாட்டேன். பாரிஸ் போகும் வாய்ப்பு வந்தால் மார்மோத்தான் அருங்காட்சியகத்தில் அவற்றில் சிலவற்றைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.