வயலை விற்காதீர்கள், வாழை மட்டையைப் பாருங்கள்

ஐயா, மகளின் கட்-ஆஃப் மதிப்பெண் குறைந்துவிட்டது, மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்க ஒரு ஏக்கர் வயலை விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனாலும் விற்காதீர்கள். மைத்துனர் தன் மகனின் பெங்களூர் சம்பளத்தைச் சொல்லி நெருக்கலாம். நாளைக்கு நிலம் இல்லாமல் நிற்கப்போவது அவர் இல்லை. மகளுக்கு கோடிங் பிடிக்கவில்லை, கெமிஸ்ட்ரி லேபுக்குள் போனால் நேரம் போவதே தெரியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது போதும்.

குளித்தலைப் பக்கம் வாழை போடுகிறவர் நீங்கள். தார் வெட்டியதும் மரத்தைச் சாய்த்து வரப்போரம் தள்ளிவிடுவீர்கள். அந்த மட்டை நாரிலிருந்து நானோசெல்லுலோஸ் எடுக்கிறார்கள். செடியின் நார்ப்பொருளான செல்லுலோஸை மிக நுண்ணிய துகளாக்கினால் அதுதான் நானோசெல்லுலோஸ். நாரை காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, வெளுத்து, நாரை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருளைப் போக்கினால் பஞ்சு போல வெள்ளையாக செல்லுலோஸ் மிஞ்சும். அதை 64 சதவீத கந்தக அமிலத்தில், 45 டிகிரி சூட்டில், முக்கால் மணி நேரம் போலக் கலக்குவார்கள். ஒழுங்கில்லாமல் கிடக்கும் பகுதியை அமிலம் தின்றுவிடும், படிகப் பகுதி நிற்கும். சூடோ நேரமோ மிஞ்சினால் எல்லாம் சர்க்கரையாகிக் கருகிப்போகும். அதனால் சரியான நேரத்தில் பத்து மடங்கு குளிர்ந்த நீரை ஊற்றி நிறுத்த வேண்டும். பிறகு அமிலம் போகும்வரை கழுவினால், லேசாக நீலம் ஓடிய பால் போன்ற கலவை கிடைக்கும். சில நானோமீட்டர் அகலமே உள்ள குச்சிகள் அதில் மிதக்கும். கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் டைட்ரேஷனில் கடைசிச் சொட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு இந்த வேலை பிடிக்கும்.

காகிதத்துக்கு வலு கூட்ட, ஆக்சிஜன் புகாத உணவு உறை செய்ய, ரப்பரையும் பெயின்டையும் மேம்படுத்த இது உதவும். மும்பையில் உள்ள மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இதற்கென்றே சோதனை ஆலை வைத்திருக்கிறது. உங்கள் மாவட்டத்திலேயே, புகளூரில் உள்ள தமிழ்நாடு அரசின் காகித ஆலையான டி.என்.பி.எல். கரும்புச் சக்கையில் காகிதம் செய்கிறது.

நானோசெல்லுலோஸ் என்று பலகை மாட்டிய கம்பெனிகள் நம் ஊரில் வரிசையாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால்தான் இளங்கலையிலேயே 'நானோ' என்று பெயர் போட்டு லட்சக்கணக்கில் கேட்கும் படிப்பில் சேர்க்காதீர்கள். வெறும் பி.எஸ்சி. வேதியியல் போதும், கரூரிலும் திருச்சியிலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். அப்புறம் 'ஜாம்' தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. போகலாம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. ஆராய்ச்சி வேண்டாம் என்றாலும் காகிதம், பேக்கேஜிங், ரப்பர், பெயின்ட் கம்பெனி லேப்களில் இதே கைவேலைக்கு இடம் உண்டு.

சம்பாதிக்க ஐந்தாறு வருடம் ஆகும். அதற்கு வீடு தயாரா என்று மகளையும் அவள் அம்மாவையும் உட்காரவைத்துப் பேசுங்கள், மைத்துனர் இல்லாத நேரத்தில். மகள் சரி என்றால் இந்த வாரமே அரசுக் கல்லூரி விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். நிலத்துக்கு அட்வான்ஸ் ஏதும் வாங்கியிருந்தால் உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.