தமிழில் அச்சுத் தரத்தோடு புத்தகம் உருவாக்க எந்தக் கட்டற்ற கருவி நல்லது?

தலைப்பு, பத்தி என்று குறியீடு போட்ட ஒரே மூலக் கோப்பிலிருந்து அச்சகத்துக்குக் கொடுக்கிற மாதிரி பிடிஎஃப் எடுக்க வேண்டும், எந்தக் கருவியை நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் ஒரு ஊர் வரலாறோ சங்க மலரோ இருக்கிறது, பேஜ்மேக்கரில் திருத்தித் திருத்தி அலுத்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் கருவி கொம்பைச் சரியான இடத்தில் போடுகிறதா என்பதைத்தான். மற்ற வசதியெல்லாம் அப்புறம்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம். எங்கள் கடற்கரைச் சொற்களைப் பத்து வருடமாகச் சேர்த்தேன். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்கு ஒரு பகுதி, மீனுக்கு ஒன்று, பாசிக்கு ஒன்று. எல்லாவற்றையும் ஆஸ்கிடாக் என்ற எளிய உரைக் குறியீட்டில் தட்டினேன். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள், சொன்னவர் பெயர், ஊர். அந்தக் குறியீட்டைப் பக்கமாக்கும் ஆஸ்கிடாக்டர் நிரலில் ஒரே கட்டளையில் பிடிஎஃப் வந்துவிட்டது. நான் வரி வரியாகத் திருத்தியது உலாவியில் திறந்த எச்டிஎம்எல் வடிவத்தை. அதில் எழுத்து கச்சிதமாக இருந்தது. பிடிஎஃபில் அட்டையையும் பக்க எண்ணையும் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினேன். 200 படி அச்சாகி வந்தது.

முதல் படியை, பாசி எடுக்கப் போகிற என் பெரியம்மாவிடம் கொடுத்தேன். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று பாசிச் சொற்களில் பாதி அவர் சொன்னவை. எழுத்துக் கூட்டிப் படிப்பவர். தன் பெயரைத் தேடிப் பிடித்து விரலை வைத்துக்கொண்டு, "ஏப்பா, எம் பேர எதுக்கு இப்புடிப் பிச்சுப் போட்டுருக்க?" என்றார். அவர் பெயரில் ஒரு கொம்பு உண்டு. அது அடுத்த எழுத்தோடு போய் ஒட்டியிருந்தது. பக்கத்தைப் புரட்டினால் நெத்திலியும் அப்படித்தான், 'ந' தனியாக நிற்க, கொம்பு 'த்'துக்கு முன்னால் கிடந்தது. 200 படியையும் கட்டிப் பரணில் போட்டேன்.

காரணம் இதுதான். யூனிகோடில் 'நெ' என்பது முதலில் ந, பிறகு கொம்பு என்றுதான் சேமிக்கப்படும். காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது எழுத்தை வடிவமைக்கும் நிரலின் வேலை. குரோம், ஃபயர்பாக்ஸ் போன்ற உலாவிகளில் அதை ஹார்ஃப்பஸ் என்ற நிரல் செய்கிறது. ஆஸ்கிடாக்டர் பிடிஎஃப் எடுக்க, பிரான் என்ற ரூபி மொழி நிரல் நூலகத்தை நம்பியிருக்கிறது, அதில் அந்த வேலை நடப்பதில்லை. அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆங்கிலப் புத்தகத்துக்கு அருமையான கருவி. பிடிஎஃபை வாசிக்காமல் அனுப்பியது என் தவறு.

ஆனால் ஒரு சொல்லைக்கூட நான் மறுபடி தட்டவில்லை. அதே கோப்பை டாக்புக் என்ற வடிவத்துக்கு மாற்றி, பான்டாக் என்ற வடிவம் மாற்றும் கருவி வழியாக ஸீலேடெக் என்ற லேடெக் வகைப் பக்க அமைப்பு நிரலுக்குக் கொண்டுபோனேன். எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ். கொம்பு தன் இடத்துக்கு வந்தது. பக்கத்தை இரண்டு நெடுவரிசையாக நெருக்கிப் போட்டபோது நீளமான சொற்களை வரி முடிவில் பிரிக்கத் தமிழுக்கான விதிகளும், ஸீலேடெக் அடங்கிய டெக் தொகுப்பிலேயே இருந்தன. கறுப்பு எழுத்து ஒற்றைக் கறுப்பாகவே போகும், நாலு வண்ணத் தகட்டிலும் ஏறி மங்காது.

எனக்கு அதிகம் நாள் பிடித்தது அகர வரிசை. யூனிகோட் எண்படி அடுக்கினால் ன, ந-வுக்கு அடுத்து வந்துவிடும். ற, ர-வுக்கு அடுத்து. ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னால். அகராதிக்கு அது ஆகாது. பைத்தான் நிரல்மொழியில், மொழிவாரி அகர வரிசை தெரிந்த ஐசியு நிரல் நூலகத்தை வைத்து முன்கூட்டியே அடுக்கிக்கொண்டேன்.

லேடெக்தான் ஒரே வழி என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வலைப்பக்க வடிவமைப்புக்கான சிஎஸ்எஸ் தெரிந்தவருக்கு, வலைப்பக்கத்தைப் பிடிஎஃபாக்கும் வீஸிபிரிண்ட் எளிது, அது பாங்கோ என்ற எழுத்தமைப்பு நூலகம் வழியாக ஹார்ஃப்பஸையே பயன்படுத்துகிறது. கறுப்பு எழுத்து ஒற்றைக் கறுப்பாகப் போகுமா என்று மட்டும் அச்சகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 2023-இல் வெளியான டைப்ஸ்ட் என்ற பக்க அமைப்புக் கருவி கண் இமைக்கும் நேரத்தில் பக்கத்தைக் காட்டும். புதிதாகத் தொடங்குவதென்றால் நானே அதைத்தான் முதலில் சோதித்திருப்பேன்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கரைக்கு ஆராய்ச்சி என்று வருகிறவர்கள், பாசி எடுத்துக் கரையேறும் பெண்களை ஈரச் சேலையோடு நிறுத்திவைத்துப் பேச்சைப் பதிவு செய்துகொண்டு போகிறார்கள். கட்டுரை வரும். சொன்னவர் பெயர் வராது, ஒரு படிகூட இந்தப் பக்கம் திரும்பாது. அந்தக் கோபத்தில்தான் என் தொகுப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் 'சொன்னவர்' என்று தனிக் குறியீடு வைத்தேன். அந்தப் பெயரே உடைந்து வந்ததால்தான் எனக்கு அவ்வளவு வலித்தது.

சரி, சோதனைக்கு நெத்திலி, கொண்டல், கௌதாரி, ஸ்ரீ, லட்சுமி என்று ஒரு பக்கம் தட்டுங்கள். எந்தக் கருவியானாலும் பிடிஎஃபாக எடுத்து, தாளில் அச்சிட்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒருவர் கையில் கொடுங்கள். பாப்ளர் என்ற பிடிஎஃப் கருவித் தொகுப்பில் உள்ள பிடிஎஃப்ஃபாண்ட்ஸ் கட்டளையை ஓட்டி, எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு அச்சகத்துக்கு அனுப்புங்கள்.